லானுக்கு மூன்று, ஷின்யிக்கு ஒன்று

பிள்ளைகளே, உங்களில் பாதிப்பேர் இந்த வருடம்தான் உரிமம் எடுத்திருக்கிறீர்கள். மொன்றியலில் பிசியோதெரபி செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றுகூடும் நாளில் எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். முப்பத்தொரு வருடம் வேலை செய்தவளிடம் வெற்றிக்கதை கேட்பீர்கள் என்று தெரியும். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் கை குளிர்ந்துபோகும் ஒரு கதை இருக்கிறது, அதைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பிழையை மாற்றவில்லை.

ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்னர் நடந்தது இது. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதோடு கிழமையில் இரண்டு நாள், ஆற்றுக்கு இக்கரையில், மொன்றியலில், ஒரு சீன நடனக் குழுவுக்குப் போய்ப் பார்ப்பேன். பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடம், மூன்றாவது மாடி, எப்போதும் பழுதாய்க் கிடக்கும் லிஃப்ட். பதினான்கு நடனக்காரர்கள். சிலர் இங்கே பிறந்தவர்கள், சிலர் சீனாவிலிருந்து ஆடுவதற்கென்றே வந்தவர்கள். அவர்கள் என்னோடு பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார்கள். நான் எல்லாவற்றையும் எங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

அந்த நடனத்தை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். முதுகு பின்னால் வளைந்து தலை குதிக்காலைத் தொடும். ஓடிவந்து காற்றில் கால்களை விரித்துப் பாய்ந்து, ஒற்றைக் காலில் சத்தமில்லாமல் இறங்குவார்கள். கைகளில் ஆள் உயரத்துக்கு நீண்ட பட்டுச் சட்டைக்கை தொங்கும். பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்கு அது கணுக்கால், முழங்கால், அடிமுதுகு, பின்தொடை.

பழக்கவழக்கங்களும் அப்படித்தான். காலையில் ஒரு குடுவை சுடுநீர், சாப்பாடு கிடையாது. பயிற்சி முடிந்து மாலை நான்கு மணிக்கு ஒரே தரமாக நூடில்ஸ். பாதிப்பேர் குமிழித் தேநீர்க் கடைகளில் நின்றபடி வேலை செய்துவிட்டு வருவார்கள். சீனாவில் மத்தியானம் ஆகும்போது, இங்கே நடுச்சாமத்தில்தான், ஊரிலிருக்கும் தாய் தகப்பனோடு பேசலாம் என்று நித்திரையைக் குறைப்பார்கள். வெயில் பட்டால் கறுத்துவிடுவோம் என்று கோடையிலும் குடை. எங்கே நொந்தாலும் ஒரு மூலிகைப் பிளாஸ்டர், அந்தக் கற்பூர வாசம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும். சீனர் எல்லோரும் இப்படி என்று எழுதி வைக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். நான் பார்த்த பதினான்கு பேரைப் பற்றித்தான் சொல்கிறேன். பாலே ஆடும் பிள்ளைகள் கோலாவிலும் சிகரெட்டிலும் உயிர் வாழ்ந்ததையும் பார்த்தவள்தான் நான்.

மண்டபத்தின் மூலையில் ஒரு கட்டில், அதைச் சுற்றி ஒரு மெல்லிய திரை. அதுதான் என் இடம். முதலில் வந்து படுப்பவள் லான். முப்பத்தொரு வயது, குழுவின் முதன்மை ஆட்டக்காரி. மற்றவர்கள் அவளை 'ஷிஜியே' என்பார்கள், கூடப் பயில்பவர்களில் மூத்த அக்கா என்று பொருள். அவளுக்குப் பிறகு அடுத்த மூத்தவள், அதற்கடுத்தவள், இப்படியே போய்க் கடைசியில் ஷின்யி. பத்தொன்பது வயது, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் யாரையும் அந்த வரிசையில் வரச் சொல்லவில்லை. அவர்களாகவே வந்தார்கள், எனக்கும் வசதியாக இருந்தது.

எல்லோரிடமும் ஒரே கேள்வி. பூச்சியத்திலிருந்து, தாங்கவே முடியாத பத்துவரை, நோ எத்தனை? சொன்ன எண்ணைத் தாளில் எழுதுவேன். லான் எப்போதும் மூன்று. பிறகு மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. ஷின்யி ஒன்று. "மெர்சி" என்று சொல்லி, கும்பிடுவதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இரண்டு மாதமாக ஒரு குழுவையே மூன்றுக்குள் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் என் கணவரிடம் அளந்தேன்.

நிகழ்ச்சி சனிக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஷின்யி கட்டிலில் இருந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டேன். வலது காலைச் சாதாரணமாகத் தூக்கினாள். இடது காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி மற்ற முழங்காலின் மேல் வைத்தாள்.

"ஏன் பிள்ளை, எங்க நோகுது?"

தொடை இடுக்கைக் காட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"எத்தினை?"

திரையின் மறுபக்கத்தில் லான் யாரோடோ பேசிக்கொண்டிருந்த குரல் கேட்டது. "ஒண்டு" என்றாள் ஷின்யி.

ஒன்றுதானே! தசைப்பிடிப்பு என்று முடிவுகட்டினேன். காலை விரித்து, என் உடம்புப் பாரத்தைக் கொடுத்து, பத்து நிமிடம் நன்றாக இழுத்துவிட்டேன். அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. மண்டபம் சூடு என்று நினைத்தேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு கேள்வி என் தாளில் இருந்தது. திரைக்கு அப்பால் ஆண்களும் நிற்கிறார்கள், பிள்ளை கூச்சப்படுவாள் என்று அதைக் கேளாமலே 'சாதாரணம்' என்று நானே நிரப்பியிருந்தேன். ஒவ்வொரு மாதமும். கூச்சம் அவளுக்கா, அறுபது வயதில் எனக்கா? நினைத்தால் பத்திக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை காலை லொங்குய் கிளினிக்கில், எல்லோரும் மேடையேறத் தகுதியானவர்கள் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். கடிதத்தோடு இணைப்பதற்காக இரண்டு மாதத் தாள்களையும் மேசையில் பரப்பியிருந்தேன். என்னோடு வேலை செய்யும் செல்வன் கோப்பியோடு வந்து எட்டிப் பார்த்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உங்கள் வயதுதான் அப்போது.

"அக்கா, இதென்ன எல்லாத் தாளிலையும் நம்பர் படிக்கட்டு மாதிரி இறங்குது?"

"ஒழுங்கான பிள்ளையள், தம்பி. சொன்ன பயிற்சியை விடாமல் செய்யுதுகள்."

"அதில்லையக்கா. வடிவாப் பாருங்கோ. ஒருத்தரும் தனக்கு முன்னால வந்த ஆளைவிடக் கூடச் சொல்லேல்லை. ஒருநாள்கூட இல்லை."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். பதினாறு தாள்கள், ஒன்றிலும் ஓர் எண்கூட மேலே ஏறவில்லை. ஒரேயொரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. லான் பல்லுப் பிடுங்கப் போய் வராத நாள். அன்று இரண்டாவது மூத்தவள் ஆறு என்று தொடங்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து. கடைசியில் ஷின்யி, ஐந்து. அன்றைக்குப் பயிற்சி கடுமை போலிருக்கிறது என்று ஓரத்தில் நானே குறிப்பு வேறு எழுதியிருந்தேன்.

செல்வன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். "அக்கா, அம்மா ஒப்பரேசன் முடிஞ்சு வீட்டில கிடக்கேக்க நான் பந்தடிச்சுக் கையை முறிச்சுப்போட்டன். ரெண்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பெரிய ஆள் நோவில கிடக்க, சின்ன ஆள் எனக்கு அதைவிட நோகுதெண்டு வாய் திறக்கிறதோ? எங்கட வீடுகளில நடக்கிற காரியமே?"

மன்னாரில் எங்கள் வீட்டிலும் அதே கதைதானே. அப்பாவுக்கு மூட்டுநோ இருந்தவரைக்கும் நாங்கள் ஐந்து பிள்ளைகளும் தலையிடி என்றுகூடச் சொன்னதில்லை. அப்படி வளர்ந்த நான், அந்தப் பிள்ளையிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, கடைசியாக, எண் கேட்டிருக்கிறேன். ஒன்று என்பது அவளுடைய நோ இல்லை. அந்த வரிசையில் அவளுக்கு மிச்சமிருந்த இடம் அது.

மற்றவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சாப்பிடாத பிள்ளை, நித்திரை இல்லாத பிள்ளை, வெயில் படாத பிள்ளை. தொடை இடுக்கில் நோ, காலைக் கையால் தூக்குகிறாள். தொடை எலும்பின் கழுத்தில் வெடிப்பு விழுந்திருந்தால்? ஒரு பாய்ச்சலில் அது முழுதாக முறிந்தால் இடுப்புக் குமிழுக்குப் போகும் இரத்தம் நின்றுபோகலாம், எலும்பு செத்துப்போகலாம். பத்தொன்பது வயதில் செயற்கை இடுப்பு. அந்தக் காலைத்தான் நேற்று நான் பாரம் கொடுத்து இழுத்திருக்கிறேன். ஐயோ கடவுளே!

மணி பத்தேகால். பதினொரு மணிக்கு உடை உடுத்தி முழு ஒத்திகை. ஷின்யிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. குழுவை நடத்தும் அம்மாவுக்கு அழைத்தேன், அவரும் எடுக்கவில்லை. ஒத்திகை நாளில் எல்லாத் தொலைபேசிகளும் வாசலில் ஒரு கூடைக்குள் போய்விடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்ர நோயாளியளைப் பாரும் தம்பி, நான் போறன்" என்றேன்.

"காரில போகாதேங்கோ அக்கா, பாலம் இறுகிப்போய்க் கிடக்காம். மெத்ரோவில ஓடுங்கோ!"

மஞ்சள் கோட்டு மெத்ரோ ஆற்றுக்கு அடியால் போகும் அந்தச் சில நிமிடங்கள் இருக்கிறதே, அதுபோல நீண்ட பயணம் எனக்கு இலங்கையிலிருந்து வந்ததுகூட இல்லை. நான் நினைப்பது பிழையாக இருக்கட்டும் என்று செபமாலை சொல்லத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். உண்மையில் தசைப்பிடிப்பு மட்டும்தான் என்றால் ஒரு பிள்ளையின் முதல் மேடையைக் கெடுத்த கிழவி நான். இல்லையென்றால் அதைவிட மோசம். மூன்று மாடியும் ஏறி வாசலில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது, இசை தொடங்கியிருந்தது.

பாய்ச்சல் வரும் பகுதி மூன்றாவது. எனக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. ஷின்யி சுவரோரம் நின்றாள், வலது காலில் மட்டும் பாரம் கொடுத்தபடி. ஒற்றைக் காலில் துள்ளிக் காட்டு என்று கேட்க வாய்வரை வந்தது. அந்தச் சோதனையே எலும்பை முறித்துவிடலாம் என்று விழுங்கிக்கொண்டேன். நேரே குழுவை நடத்தும் அம்மாவிடம் போனேன்.

"மடாம், ஷின்யி இண்டைக்கு ஆடக்கூடாது. இடுப்பில வெடிப்பு இருக்கும் எண்டு பயப்படுறன்."

அவர் கையைத் தூக்கினார், இசை நின்றது. கெட்ட மனிசி இல்லை. ஆனால் மூன்று நாளில் நிகழ்ச்சி. "படம் எடுத்துப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"நேற்று நீங்கள்தானே பாத்தனீங்கள். உங்கட தாளில என்ன இருக்கு?"

"ஒண்டு" என்றேன். வேறு என்ன சொல்ல? என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஷின்யி, நோகுதோ?"

அவள் லான் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். "ஒண்டுதான் மடாம். நான் ஆடுவன்."

அவ்வளவுதான். நான் சத்தம் போட்டிருக்கலாம், பொறுப்பு எனதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பிள்ளை ஆடியிருப்பாள். அந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். விதிப்படி அது பிழை, ஒரு நோயாளியின் விசயத்தை இன்னொரு நோயாளியிடம் சொல்லக்கூடாது. அதைப் பிறகு எங்கள் தொழிற்சபைக்கு நானே எழுதிக் கொடுத்தேன், கண்டனமும் வாங்கினேன். நீங்கள் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

லானிடம் போய் அவள் காதோடு சொன்னேன். "உம்மட மூண்டுக்கு மேல இஞ்ச ஒருத்தரும் சொல்லீனமில்லை. நீர் உண்மையைச் சொன்னால்தான் அந்தப் பிள்ளை வாய் திறக்கும். இல்லாட்டி இண்டைக்கு அதின்ர கால் முறியும்."

அவள் அசையவில்லை. அவளுக்கும் இழக்க இருந்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் அவளுடைய பாத்திரத்தை மனப்பாடமாக ஆடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வயதுக்குப் பிறகு விட்ட பாத்திரம் திரும்பி வராது என்றும் தெரியும். கையில் தொங்கிய பட்டுச் சட்டைக்கையை மெதுவாக மடித்தாள், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. இவள் என்னைத் திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

பிறகு மண்டபத்தின் நடுவுக்கு நடந்து போனாள். முதலில் சீனத்தில் சொன்னாள், பிறகு என்னைப் பார்த்துப் பிரெஞ்சில்.

"என்ர முதுகு எட்டு."

"எட்டோ? எப்ப தொடக்கம்?" என்று கேட்டார் குழுவை நடத்தும் அம்மா.

"போன மாரி தொடக்கம்."

லான் ஷின்யியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

ஷின்யி நிலத்தைப் பார்த்தாள். "ஏழு."

நான் லானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு மாதமும் ஒரு செல்வனும் தேவைப்பட்ட விசயம் அவளுக்கு அந்த ஒரு சொல்லில் விளங்கிவிட்டது. ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"நான் பொய் சொன்னனான்" என்றாள். "எட்டில்லை. எனக்குப் பத்து."

ஷின்யியின் வாய் கோணியது. "அப்ப எனக்கு ஒன்பது, ஷிஜியே" என்று சொல்லி, சுவரோடு சரிந்து இருந்து, சின்னப் பிள்ளைபோல அழுதாள். லான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்த முதுகோடு அவள் அப்படிக் குனிந்திருக்கக்கூடாது. அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஷின்யியைக் கால் ஊன்ற விடாமல் கதிரையில் இருத்தி, நான்கு பேர் மூன்று மாடியும் இறக்கினார்கள், லானும் நானும் கூடவே போனோம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. இளம் டொக்டர் ஒருவர், தசைதான், வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார், நோ எத்தனை என்று. ஷின்யி லானைத் திரும்பிப் பார்த்தாள். லான் வேண்டுமென்றே யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒன்பது" என்றாள் ஷின்யி. டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்னர். உங்களுக்குத் தெரியும், சாப்பாடு போதாமல் அது நின்றுபோனால் எலும்பும் பலமிழக்கும். அடுத்தநாள் காலை எம்ஆர்ஐ எடுத்தார்கள். எலும்பின் கழுத்தில் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு வெடிப்பு, பாதியை நெருங்கி நின்றது.

கத்தி வைக்கவில்லை. ஊன்றுகோலோடு கிழமைக்கணக்கு, பிறகு சாப்பாட்டு ஆலோசகர், எலும்பு மருத்துவர் என்று மாதக்கணக்கு. சனிக்கிழமை நிகழ்ச்சி பாய்ச்சல் பகுதி இல்லாமல் நடந்தது. லானின் பாத்திரத்தை இன்னொருத்தி ஆடினாள், அது லானுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒருநாளும் அவள் என்னைக் குறைசொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கட்டிலை வேறு அறைக்குக் கொண்டுபோனேன், கதவைப் பூட்டி, இளையவர்களை முதலில் கூப்பிட்டேன். எண்ணைக் கடைசியாகத்தான் கேட்டேன். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய், எந்தப் படியில் கால் ஏற மறுக்கிறது, மாதவிடாய் வருகிறதா, இதெல்லாம் முதலில். கூச்சப்பட்டால் இருவரும் சேர்ந்து கூச்சப்பட்டோம், கேள்வியை மட்டும் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள், பிள்ளைகளே. நல்ல எண் கிடைத்ததும் சந்தோசப்படாதீர்கள். அதை யார் முன்னால் வைத்துக் கேட்டீர்கள் என்று யோசியுங்கள்.

ஒரு விசயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. எம்ஆர்ஐ எடுத்த மூன்றாம் நாள் ஷின்யியின் வீட்டுக்குப் போனேன். சோபாவில் காலை நீட்டி இருந்தாள், வேறு ஒருவரும் இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை நான் உம்மட காலை இழுத்தனான். இழுத்திருக்கக்கூடாது. என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை."

அவள் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினாள். "இல்லை மடாம், அது அவ்வளவு நோகேல்லை. உங்கட கை நல்ல கை."

அவளுடைய தாயின் வயதைவிட எனக்கு வயது கூட, அவள் வேறு என்ன சொல்வாள்? எழும்பிப் போகவும் மனமில்லை. அப்படியே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பத்து" என்றாள்.